பெரிய ‘ற’

“சார், உங்க நாவல்ல கதாநாயகியா வர்ற எழுத்தாளரோட புனைபெயரே தப்பா இருக்குங்க. ‘நருங்கோதை’ இல்ல, ‘நறுங்கோதை’. பெரிய ‘ற’ போடணும்” என்றாள் தென்னூர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வியாகுலம்மாள்.

ஸ்ரீரங்கத்து நாவலாசிரியர் சேஷாத்ரி சலித்துக்கொண்டார். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டுல எழுதினவம்மா. முப்பது வருஷமா யாருக்கும் ஞாபகமில்லே. அட்டையும் அச்சாயிடுத்து, விடுங்கோ.”

“கடைசியில கொள்ளிடத்துல விழுந்து செத்துட்டதா எழுதியிருக்கீங்களே?”

“பின்னே? உசுரோட இருந்தா எழுதாம இருந்திருப்பாளா? நீங்க எழுத்துப்பிழையை மட்டும் பாருங்கோ.”

வியாகுலம்மாள் தன் கல்யாணத்தோடு விட்டுவிட்ட அந்தப் புனைபெயரின் மேல் காலையிலிருந்து போட்டிருந்த திருத்தங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். பிறகு புரூப்பின் அடியில் ‘பிழையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.