ஓடைக்காரி கூப்பிட்டபோது

மலைச்சரிவில் மண்ணின் ஈரத்தை அளக்க மூன்று சின்னக் கருவிகளை நட்டிருந்தார்கள்: உச்சியில் உச்சிக்காரன், ஓடையோரம் ஓடைக்காரி, பாறையடியில் பாறைக்காரர். உச்சிக்காரன் சொல்வதை ஓடைக்காரி வாங்கி அடிவாரத்துச் சிக்னல் கோபுரத்துக்கு அனுப்புவாள். பாறைக்காரருக்குப் பெரும்பாலும் தூக்கம்தான்.

ஓடைக்காரியின் குரல் கேட்காமல் உச்சிக்காரனுக்கு இருப்புக் கொள்ளாது. ஈரம் மாறாவிட்டாலும் எதையாவது அனுப்புவான்.

"இதைத்தானே இப்பச் சொன்னே?" என்று அவள் சிரிப்பாள்.

ஒரு நாள் அவள் குரல் கம்மியது. "பேட்டரி இறங்கிக்கிட்டே போகுதுப்பா. பேசப்பேசக் கரையறேன்."

"அப்ப இனிமே பேசலை."

"ஐயோ, வேண்டாம். நீ ஒரு வார்த்தை சொன்னா நான் நாலு சொல்லாம இருக்க மாட்டேன். அது என் குணம். அதுக்காக நீ ஊமையாயிடாதே."

உச்சிக்காரன் அன்றே பாறைக்காரரை எழுப்பினான். "அண்ணே, இனிமே உங்க வழியா அனுப்பட்டுமா?"

"அனுப்பு. ஆனா வம்பளக்காதே. எனக்குத் தூக்கம் கெடும்."

மறுநாள் காலை ஓடைப் பக்கமிருந்து குரல் வந்தது. "டேய், இருக்கியா?"

பதில் சொன்னால் அவள் பேசுவாள், பேசினால் இன்னும் கரைவாள். உச்சிக்காரன் அன்றைய ஈரத்தைப் பாறைக்காரருக்கு மட்டும் அனுப்பினான்.

அவள் மறுபடி கூப்பிடக் கூடாது என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே, இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தான்.