ஆணிக்குத் தெரிந்த கனம்

ஒரு பட்டாசுக் கடைச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. தீயணைக்கிற சின்னச் சிவப்பு சிலிண்டரைச் சுமப்பதுதான் அதன் வேலை. சிலிண்டருக்குள்ளே ஒன்றுமில்லை என்பது முதலாளி செண்பகராமனுக்குத் தெரியும். சுமக்கிற ஆணிக்கும் தெரியும்.

லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீசர் வரும் நாளன்று முதலாளி சிலிண்டரைப் பளபளவென்று துடைத்தார். புதுத் தேதி எழுதிய சீட்டை ஒட்டி மாட்டினார்.

"இந்த வருஷமாவது நிரப்புவார்னு நினைச்சேன்," என்றது சிலிண்டர்.

"கவலைப்படாதே. ஆபீசர் உன்னை ஒரு தடவை தூக்கிப் பார்த்தாலே குட்டு உடைஞ்சிடும். அப்புறம் நிரப்பித்தானே ஆகணும்?" என்று தேற்றியது ஆணி.

ஆபீசர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார். தேதி சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரமே லைசென்ஸ் வந்தது. முதலாளி அதற்குத் தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார். சிலிண்டரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அதே ஆணியில் லைசென்ஸை மாட்டினார். ஆணி கொஞ்சம் வளைந்துபோனது.

"அடேயப்பா! இது உன்னைவிடக் கனமா இருக்கே!" என்று முனகியது.

"மெதுவாப் பேசு," என்றது சிலிண்டர்.

பெட்டி அடுக்குகிற மாரிக்கனி தூக்குவாளியைத் திறந்து, சிலிண்டரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பக்கத்துல இருந்தா பயமில்லைன்னு, தினமும் இங்கேதான் வந்து உட்கார்றா."