ஆமென் சொல்லாத ஜெபம்

காய்ச்சலில் கொதிக்கும் சிறுமியின் தலையில் கை வைத்து, வளர்ப்பு அம்மா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்குகிறாள். ஏதோ உரசும் சத்தம் கேட்டுக் கண் திறக்கிறாள். சிறுமி கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பையை இழுத்து மடியில் வைத்திருக்கிறாள். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறாள். சபைக்காரர்கள் அவளுக்குத் தேடித் தந்த நான்காவது வீடு இது. “எங்கடி கிளம்பிட்ட? காய்ச்சல் போகணும்னுதான் ஜெபம் பண்றேன்.” சிறுமி பையின் வாரை விடவில்லை. “தலைல கை வெச்சு ஜெபம் பண்ணுவாங்க. ஆமென் சொன்னதும் கார் வந்துடும். மூணு வீட்லயும் அப்படித்தான் ஆன்ட்டி.” “இங்க எந்தக் காரும் வராது தங்கம்.” “அவங்களும் தங்கம்னுதான் கூப்பிட்டாங்க.”

அம்மா மறுபடி ஜெபத்தைத் தொடர்கிறாள். ஆமென் சொன்னால் பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய்விடும். அதனால் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போகிறாள். மருந்துக்காக, நாளைய பள்ளிக்கூடத்துக்காக, பக்கத்து வீட்டு நாயின் நொண்டிக் காலுக்காக, சமையலறையில் ஒழுகும் குழாய்க்காக. கேட்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. ஜன்னல் வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவரில் ஏறுகிறது. கதவருகே டம்ளரோடு நிற்கும் கணவர், “ஆமென் சொல்லி முடிம்மா, பால் ஆறுது” என்கிறார். வாரைப் பிடித்திருக்கும் சின்ன விரல்கள் இன்னும் இறுகுகின்றன. “இன்னும் முடியலைங்க” என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் காய்ச்சலிலிருந்தே தொடங்குகிறாள்.