பாதி வரி ஊர்

"ஏரிக்கு அக்கரையில வரி பாதிதானாம், தலைவரே! நான் ஏன் இங்கே கட்டி அழணும்?" என்றார் வெர்னர்.

அவர் வீட்டுக்கு வந்திருந்த ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊர்த் தலைவர் உர்ஸ் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். அந்த நாட்டில் வருமான வரி ஊருக்கு ஊர் வேறுபடும். கடிகாரத் தொழிற்சாலையை விற்றுவிட்டு ஓய்வாக இருக்கும் வெர்னர் கட்டும் வரிதான் ஊர் வருமானத்தில் கால்வாசி.

"வீடு பார்த்தாச்சா ஐயா?"

"ஏரியைப் பார்த்த மாடி வீடு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். எனக்குப் பின்னாடி இன்னொருத்தர் வரிசையில நிக்கிறாராம்."

தான் கொண்டுவந்த வால்நட் கேக்கை அவர் பக்கம் நகர்த்தினார் உர்ஸ்.

"நவம்பர்ல அங்கே பனிமூட்டம் இறங்கினா மார்ச் வரைக்கும் வெயிலே கிடையாது. உங்க மூட்டுவலி தாங்குமா? சீட்டு விளையாட ஆள் கிடைக்குமா?"

"அதெல்லாம் சரி. இங்கே பக்கத்து வீட்டு மாட்டுக் கழுத்து மணி தூங்க விடமாட்டேங்குதே!"

"இன்னைக்கே கழட்டச் சொல்றேன். எங்களை விட்டுட்டுப் போயிடாதீங்க ஐயா!" உர்ஸின் குரல் தழுதழுத்தது.

வெர்னர் இளகிப்போனார். "சரி, போகலை. வீடு வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்த உர்ஸை வாசலிலேயே மடக்கினாள் மனைவி ரெகுலா.

"என்னங்க ஆச்சு?"

"அவர் போகலையாம்! வரிசையில அடுத்து நாமதானே? வீடு நமக்குத்தான். பெட்டியைக் கட்டு!"

"அப்போ தலைவர் பதவி?"

"ராஜினாமா கடிதம் சட்டைப்பையிலேயே இருக்கு."

"எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா இந்த ஊருக்கு யாருங்க வரி கட்டறது?"

"அதான் வெர்னர் ஐயா இருக்காரே!"