ரிவால்வர் இல்லாத வீடு

"இந்தத் தடவை யாருக்கும் விலக்கு கிடையாதாம்ப்பா. லைசென்ஸ் வெச்சிருக்கறவா எல்லாரும் தேர்தல் முடியற வரைக்கும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடணுமாம்," என்று பேப்பரை வாசித்துக் காட்டினாள் ஸ்ரீவித்யா.

அவளுடைய மாமனார் சீனிவாசராகவன் ஈஸிசேரில் விறைப்பாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கலால் இலாகாவில் பெரிய ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் வாசலில் வந்து நின்றால் ஒக்கலிபுரத்தில் அந்தத் தெருவே குரலைத் தணித்துக்கொள்ளும். சமீபமாகக் கர்வம் கூடிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. யாராவது வணக்கம் சொன்னால்கூட, அவர்கள் தலைக்கு மேல் எங்கோ பார்த்துத்தான் பதில் சொல்வார்.

"சட்டம்னா சட்டம். நாளைக்கே குடுத்துடலாம்."

"குடுத்துட்டா, அந்த ஜெயண்ணா?" அவள் குரல் உள்ளே போயிற்று.

பொம்மனஹள்ளியில் அவர்களுக்கு ஒரு சைட் இருந்தது. அவள் கணவன் கேசவ் வீடு கட்டுவதற்காக வைத்திருந்த ஒரே சொத்து. அதன் மேல்தான் ஜெயண்ணா என்ற ரவுடி கண் வைத்திருந்தான். மண்ணின் விலை ஏற ஏற அவன் மிரட்டலும் ஏறியது. ஆனாலும் கேட்டுக்கு வெளியே நின்று கத்துவதோடு சரி. வீட்டுக்குள் ஒரு ரிவால்வர் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

தேர்தல் வந்தால் யோக்கியன் வீட்டுத் துப்பாக்கிதான் முதலில் ஸ்டேஷனுக்குப் போகிறது. ரவுடியின் கத்திக்கு லைசென்ஸும் இல்லை, ஒப்படைப்பும் இல்லை. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"வந்தா வரட்டும்," என்றார் மாமனார்.

மறுநாள் இருவரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். தனக்கு மட்டுமாவது விலக்கு தரும்படி ஒரு கான்ட்ராக்டர் அங்கே கெஞ்சிக்கொண்டிருந்தார். சீனிவாசராகவன் யாரையும் கெஞ்சவில்லை. மருமகள் பக்கத்தில் வர, ரிவால்வரை எடுத்து மேஜைமேல் வைத்தார். பல வருஷம் கூட இருந்த பொருளை ஒரு தடவை குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கையெழுத்து எங்கே?" என்றார், இன்ஸ்பெக்டரின் தலைக்கு மேல் பார்த்தபடி.

கான்ஸ்டபிள் பயபக்தியோடு அவர் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். இப்படி ஒரு மனுஷர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோமே என்று ஸ்ரீவித்யாவுக்குப் புல்லரித்தது.

அடுத்த நாளே ஜெயண்ணா வந்துவிட்டான். கேசவ் ஊரில் இல்லை. இந்தத் தடவை கேட்டோடு நிற்காமல் நேரே ஹாலுக்குள் வந்து, மாமனாருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏன் சாமி, ரிவால்வர் ஸ்டேஷனுக்குப் போயிடுச்சாமே?"

"ஆமாம். முந்தாநேத்திக்கு வந்திருந்தா இங்கேயே பார்த்திருப்பே."

அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டது அவனுக்கு இடித்தது. சமாளித்துக்கொண்டு, "சும்மா எதுக்குத் தகராறு? சைட்டை நம்ம பேருக்கு மாத்திடுங்க. ஒரே ஒரு கையெழுத்து," என்றபடி பாக்கெட்டில் கைவிட்டான்.

'டிக்' என்று ஒரு சத்தம். பட்டன் கத்தி விரிந்தது. அதைக் கிழவரின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

சமையலறை வாசலில் நின்ற ஸ்ரீவித்யா அதைப் பார்த்துவிட்டாள். கூச்சல் போட்டால் அவன் குத்திவிடுவானோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனார் இமைக்கவில்லை. தலையை இம்மியும் பின்னுக்கு இழுக்கவில்லை.

"அதைப் பாக்கெட்லயே வைப்பா," என்றார் நிதானமாக. "சர்வீஸ்ல இருந்தப்போ எத்தனையோ பேர் எதிர்ல உட்கார்ந்து இப்படித்தான் நீட்டினா. ஒருத்தனுக்கும் நான் மசிஞ்சதில்லே. காபி சாப்டறியா?"

ஜெயண்ணாவின் கை தானாகத் தாழ்ந்தது. துப்பாக்கியும் இல்லாமல், கத்தி முனையில் உட்கார்ந்து காபி உபசாரம் செய்கிற ஆளை அவன் தன் தொழிலில் கண்டதே இல்லை. கத்தியை மடக்கினான். எழுந்து கைகூப்பினான்.

"தப்பாயிடுச்சு சாமி. உங்களை யாருன்னு தெரியாம வந்துட்டேன். நம்ம பசங்க யாரும் இனிமே அந்த சைட் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டாங்க."

முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வாசலைத் தாண்டினான். ஸ்கூட்டர் கிளம்பிப் போன சத்தம் கேட்டது.

ஸ்ரீவித்யா ஓடிவந்து மாமனாரின் காலில் விழுந்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"நீங்க மனுஷாளே இல்லைப்பா, தெய்வம்! மூக்குக்கு நேரா கத்தியை நீட்டறான், கண்ணைக்கூடச் சிமிட்டலையே!"

சீனிவாசராகவனின் முகம் வெளுத்தது. ஈஸிசேரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கத்தியா?" என்றார். "ரெண்டு கண்ணும் போய் ஆறு மாசம் ஆறதும்மா. வெளியில தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும், அந்த ரவுடிக்கும் குளிர் விட்டுப்போயிடும்னு யார்கிட்டயும் மூச்சு விடலே... கையெழுத்துப் போட அவன் பேனாவைன்னா நீட்டறான்னு நினைச்சேன்!"