பெங் அண்ணன் வைத்த துண்டு

ஜூனியர் பெண் மான்மானைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதே தப்பு என்று, வந்து உட்கார்ந்த உடனேயே ரூயிக்குத் தெரிந்துவிட்டது.

பின்னே? மத்தியானம் செங்டு நகரக் கல்லூரி அரங்கமே அதிர எய்ட்ஸ் விழிப்புணர்வு வகுப்பு. நடத்தியது ரூயியின் மாணவர் மன்றம். பேச வந்த பெங் அண்ணன் மேடையேறி, தான் எச்.ஐ.வி.யோடு குப்பை கொட்டும் கதையைச் சொல்லி எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். "கட்டிப்பிடிச்சா ஒட்டாது, கூட உட்கார்ந்து தின்னா ஒட்டாது" என்று கூட்டமே கோஷம் போட்டது. இந்த மான்மான் மட்டும் போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஹாட்பாட் கடை. மேஜை நடுவில், அவரவர் போட்டு வேகவைத்து எடுத்துத் தின்ன, மிளகாய்க் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது. ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு கறியும் காளானுமாக விருந்தாளியின் கிண்ணத்தில் எடுத்து வைத்ததில், பெங் அண்ணனின் முகமே மறைந்துவிட்டது. மான்மான் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள்.

ரூயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறொரு கல்லூரியில் பெங் அண்ணனுக்கு மட்டும் காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்களாம். இனிமேல் எங்கேயும் வரமாட்டேன் என்றிருந்த மனுஷனை, ரூயிதான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருக்கிறாள். இங்கேயும் மனசு நொந்தால் ஜென்மத்துக்கும் திரும்ப வரமாட்டார்.

"எனக்கே ஊட்டிட்டிருந்தா எப்படி? நீங்களும் சாப்பிடுங்கப்பா" என்ற பெங் அண்ணன், தான் சாப்பிடும் குச்சியை ஒரு சப்பு சப்பிவிட்டு, அதாலேயே வெந்த மாட்டுக்குடலை எடுத்து ஒவ்வொருத்தர் கிண்ணத்திலும் ஒரு துண்டு வைத்தார்.

மேஜை முழுக்கக் குச்சிகள் கிண்ணங்களை விட்டு விலகின.

ஒருத்திக்குத் திடீரென்று வயிறு நிறைந்துவிட்டது. ஒருத்தனுக்கு இன்றைக்கென்று பார்த்துக் குடல் பிடிக்காமல் போயிற்று. இன்னொருத்தன் அடிக்காத போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பெங் அண்ணனின் சிரிப்பு மெல்ல வற்றியது. அடப்பாவிகளா, கோஷம் போட்ட வாய்தானே இது என்று ரூயி உள்ளுக்குள் பொருமினாள்.

மான்மான் தன் துண்டைப் பூண்டு போட்ட நல்லெண்ணெயில் தோய்த்து ஒரே வாயில் முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாருக்கும் வேணாமா? ஆறினா ரப்பராயிடும்" என்று பக்கத்துக் கிண்ணங்களை எல்லாம் காலி பண்ணினாள். அதோடு விட்டாளா? பெங் அண்ணனின் கிண்ணத்திலிருந்தே ஒரு காளானையும் லபக்கினாள்.

"அண்ணே, நீங்க ரொம்ப மெதுவாத் திங்கறீங்க. நான் கொஞ்சம் உதவி பண்றேன்."

பெங் அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எடுத்துக்கோம்மா, எல்லாத்தையும் எடுத்துக்கோ. அடுத்த வருஷமும் கூப்பிடுங்க, வரேன்."

ரூயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, மானம் பிழைத்தது.

அப்போது மான்மானின் குச்சி ரூயியின் கிண்ணத்துக்குள் இறங்கி, கீரையை விலக்கியது.

"ரூயி அக்கா, உன்னோடது இங்க அடியில ஒளிஞ்சிருக்கே. இதையும் நானே தின்னுடட்டுமா?"