கரண்டு போன பத்து நாள்

தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த தறிகள் சட்டென்று நின்றன. சுவருக்கு இந்தப் பக்கம் தமிழினி சிரித்துவிட்டாள்.

"பாத்தீங்களாக்கா? பட்டறையில இன்னைக்கும் கரண்டு போயிருச்சு!"

கோகிலவாணி தராசில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, எண் ஓரிடத்தில் நிற்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்ட பெண் அது. சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தைந்து நாள் இருந்துவிட்டு ஜலகண்டாபுரம் வந்திருந்தது. இப்படி வீடு திரும்பும் குறைமாதக் குழந்தைகளையும், துணைக்கு ஆளில்லாத தாய்மார்களையும் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் கோகிலவாணியின் வேலை. ஓர் அறக்கட்டளை அதற்காக அவளிடம் ஒரு ஸ்கூட்டரையும் இந்தத் தராசையும் கொடுத்திருந்தது.

தமிழினிக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை. கணவன் இளவழகன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியோடு ஒடிசா போயிருந்தான். அவன் திரும்ப இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

பத்து நாளுக்கு முன்பு இதே தராசில் பார்த்தபோது, வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் குழந்தை எடை கூடுவதற்குப் பதில் இருபது கிராம் இளைத்திருந்தது.

"பாலு நெறைய இருக்குதுங்கக்கா. ராத்திரி எட்டு மணிக்குத் தறி நின்னதுக்கப்பறம் நல்லாக் குடிக்கறா. பகல்ல வாயில வெச்சதுமே தூக்கிவாரிப் போடுது, விட்டுர்றா. அழுதழுது அப்படியே தூங்கிப் போறா" என்று தமிழினி தேம்பினாள்.

கோகிலவாணி குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டாள். குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டாள். என்ன செய்து என்ன, ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள்.

"இன்னொரு பத்து நாள் பாப்போம் தமிழினி. அப்பவும் எடை ஏறலீன்னா திரும்ப ஆஸ்பத்திரிதான்."

சொல்லிவிட்டு நேரே பட்டறைக்குப் போனாள். முதலாளி அருணகிரி நூல் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் அவர் எதிரே நின்று பேச யாருக்கும் அவ்வளவாகத் துணிச்சல் வராது.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுப் பாப்பாவுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் பால் குடுக்கோணும். அந்த நேரத்துல மட்டும் ஒரு அரை மணி தறிய நிறுத்துனீங்கன்னா..."

"தறிய நிறுத்தறதா?" அவர் குரல் எட்டுத் தறிகளையும் தாண்டிக் கேட்டது. "ஏனுங்க நர்சம்மா, உங்க ஆஸ்பத்திரிய அரை மணிக்கு ஒருக்கா மூடி வெப்பீங்களா? போய் உங்க வேலையப் பாருங்க!"

உள்ளே நெய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணிக்கு முகம் சுருங்கிவிட்டது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் தன் வீடு வந்து சேரும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினாள்.

மறுநாளே தமிழினி போன் செய்தாள். குரலில் குதூகலம்.

"அக்கா, பட்டறை லைன்ல என்னமோ கோளாறு போலிருக்குது! காத்தால எட்டு மணிக்குக் கரண்டு போச்சு, பத்து மணிக்குப் போச்சு, இப்ப பன்னெண்டுக்கும் போயிருச்சு. எங்க லைன் வேற, நம்மூட்டுல ஃபேன் சுத்துது. பாப்பா முட்ட முட்டக் குடிச்சுட்டுத் தூங்கறா!"

"அந்தாளுக்கு நல்லா வேணும்" என்றாள் கோகிலவாணி. கரண்டு ஆபீஸ்காரர்கள் கோளாறைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். பத்து நாளாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்றைக்குத் தராசில் எண் துள்ளியது, தயங்கியது, நின்றது.

"ரெண்டு கிலோ அறுபது கிராம்! ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொழச்சுக்கிட்டா தமிழினி!"

தமிழினி குழந்தையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என் சாமி" என்று உச்சி முகர்ந்தாள். பால் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நிலான்னு பேரு வெக்கலாம்னு அவுங்கப்பா சொன்னாரு. இத்தன நாளா பேரு வெக்கறதுக்கே பயமா இருந்துச்சுங்கக்கா."

நிலா ஒருமுறைகூடத் திடுக்கிடவில்லை. இருபது நிமிடம் நிதானமாகக் குடித்துவிட்டு, வாயோரம் ஒரு சொட்டுப் பாலோடு உறங்கிப்போனாள்.

"அடுத்த வாரம் வாரேன்" என்று கோகிலவாணி வெளியே வந்தாள். பட்டறை ஆட்கள் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அருணகிரி மட்டும் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள், நாக்கு கேட்கவில்லை.

"என்னங்க, நீங்க நிறுத்தமாட்டேன்னீங்க. கரண்டு நிறுத்திருச்சு பாத்தீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் பட்டறை முழுசாகத் தெரிந்தது. நின்றுபோயிருந்த எட்டுத் தறிகளுக்கு மேலே டியூப் லைட்டுகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

கோகிலவாணியின் சிரிப்பு பாதியில் நின்றது. அருணகிரி தமிழினி வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாப்பா குடிச்சு முடிச்சுருச்சுங்களா? தறிய ஓட்டச் சொல்லட்டுங்களா?"